எண்ணெய்க் கசிவும் நரம்புப் பாதிப்பும்: வழக்கில் நிற்கும் சான்று எது?

வாசகர் கேள்விகளுக்கு, நச்சுப்பொருள் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து தரும் பதில்கள்.

கேள்வி: எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யும் பணியில் ஏழு வாரம் இருந்தேன். இப்போது இரண்டு பாதமும் மரத்துப்போகின்றன, ஞாபகமறதியும் இருக்கிறது. ‘ரசாயனத்தால் இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இழப்பீடு கேட்க இந்தக் கடிதம் போதுமா?

போதாது. ‘இருக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல்லே வழக்கைச் சாய்த்துவிடும். ‘இது காரணம் அல்ல என்பதைவிட, இதுவே காரணம் என்பதற்கு வாய்ப்பு அதிகம்’ என்று டாக்டர் சொல்ல வேண்டும். எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும்.

நீதிமன்றம் இரண்டு கேள்விகள் கேட்கும். இந்த ரசாயனம், இந்த அளவில், இந்த நோயை மனிதருக்கு உண்டாக்கக்கூடியதா? உங்களுக்கு உண்டாக்கியது அதுதானா? பலரும் இரண்டாவது கேள்விக்கு மட்டும் தயாராகிப் போய் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறார்கள்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு விபத்துக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கசிந்த எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்க கோரெக்சிட் 9500, 9527 என்ற இரண்டு ‘டிஸ்பெர்சன்ட்’ (சிதறடிப்பான்) கலவைகளைச் சுமார் 70 லட்சம் லிட்டர் அளவுக்குக் கொட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்களோடு பிபி எண்ணெய் நிறுவனம் செய்து, 2013-இல் நீதிமன்றம் ஏற்ற மருத்துவ உடன்படிக்கை, நோய் பிந்தித் தெரியவந்தவர்கள் தனியாக வழக்குப் போட வழி கொடுத்தது. விபத்துக்கு பிபி நிறுவனத்தின் தவறே காரணம் என்று அதில் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. நோய்க்குக் காரணம் எது என்பதைக் காட்டினால் போதும். அப்படியிருந்தும் பெரும்பாலான வழக்குகள் தள்ளுபடியாகின. எந்த ரசாயனம் எந்த அளவைத் தாண்டினால் அந்த நோய் வரும் என்பதை வழக்குத் தொடுத்தவர்களின் நிபுணர்களால் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு நோய் இருந்தது உண்மை. ஆனால் அளவு இல்லாமல் வழக்கு நிற்கவில்லை.

ஆகவே முதல் வேலை, நாள்வாரியான பதிவு. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், என்ன வேலை? முகமூடி சாதாரணத் துணியா, கரிம ஆவியை வடிகட்டும் குடுவை பொருத்தியதா? குடுவையை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள்? தலைச்சுற்றல், வாந்தி, போதை ஏறியது போன்ற மயக்கம் எந்த நாளில் வந்தது? வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, தேதியுள்ள செல்போன் படங்கள், கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றை இதோடு சேருங்கள். பயன்படுத்திய ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளையும், காற்றின் தரத்தை அளந்த பதிவுகளையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். ‘டிஸ்பெர்சன்ட்’ என்று பொதுவாகச் சொல்வது உதவாது. 9527-இல் 2-பியூட்டாக்ஸி எத்தனால் இருந்தது போல, உள்ளே இருந்த பொருளின் பெயர் வேண்டும்.

தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பென்சீன், டொலுயீன், சைலீன், ஹெக்சேன் போன்றவை கச்சா எண்ணெயிலிருந்து முதல் ஓரிரு நாளிலேயே பெருமளவு ஆவியாகிவிடும். கரையில் பல நாள் காய்ந்த தாரை அள்ளியவர் சுவாசித்த அளவும், புது எண்ணெய் மேலே வரும் இடத்தில் படகில் நின்றவர் சுவாசித்த அளவும் ஒன்றல்ல. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான்.

கேள்வி: வேலை முடிந்து பல மாதம் ஆகிவிட்டது. இப்போது ரத்தம், சிறுநீரில் அந்த ரசாயனத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. பென்சீன், ஹெக்சேன் போன்ற இந்த ரசாயனங்கள் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் உடலைவிட்டு வெளியேறிவிடும். இப்போது ‘நச்சு நீக்கப் பரிசோதனை’ என்று விற்பவர்களிடம் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

பாதிப்பைக் காட்டும் பரிசோதனைகளே தேவை. கால் மரத்துப்போவதற்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை. அது சரியாக இருந்தும் எரிச்சல் தொடர்ந்தால், நுண் நரம்பிழைகளை எண்ணத் தோல் திசுப் பரிசோதனை. ஞாபகமறதிக்கு, பயிற்சி பெற்ற உளவியலாளர் சில மணி நேரம் நடத்தும் நரம்பு-உளவியல் தேர்வு. எம்.ஆர்.ஐ. படம் இயல்பாக வந்தால் மனம் தளர வேண்டாம்; இதில் அது அடிக்கடி நடப்பதுதான்.

சர்க்கரை நோய், பி12 குறைபாடு, தைராய்டு, மதுப்பழக்கம், முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தம், மனச்சோர்வு, தூக்கமின்மை இவற்றையும் பரிசோதித்து, இல்லை என்று பதிவு செய்ய வேண்டும். இருந்தால் மறைக்காதீர்கள். பழைய மருத்துவக் கோப்பு எப்படியும் எதிர்த்தரப்பின் கைக்குப் போகும்.

இன்னொன்று. ஹெக்சேன் மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குவதால் மரத்துப்போவது பாதத்தில் தொடங்கும். வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போகும். பிறகு மெல்லக் குறையும். ஆனால் வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்துப் புதிதாகத் தொடங்கிய மரத்துப்போதலை ஹெக்சேன் மேல் சுமத்துவது மிகக் கடினம். எனவே முதல் அறிகுறி வந்த தேதியை மருத்துவக் குறிப்பில் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நிறுவனம் ஒரு தொகை தருவதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறது. வாங்கலாமா?

வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி தெரியவரும் நோய்களுக்கும் சேர்த்து’ என்று ஒரு வரி இருந்தால், பிறகு நோய் முற்றினாலும் கேட்க முடியாமல் போகலாம்.

காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாடுகளில் ரசாயனம் பட்ட நாளிலிருந்தும், சிலவற்றில் நோயும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்தும் கணக்கு. ‘ரசாயனத்தால் இருக்கலாம்’ என்ற டாக்டர் கடிதத்தின் தேதியையே ‘தெரியவந்த நாள்’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். நீங்கள் தொழிலாளியாக இருந்திருந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக்குத் தனிக் கெடு உண்டு. அது பெரும்பாலும் இன்னும் குறுகியது.

கேள்வி: வென்றால் மட்டும் கட்டணம் என்கிற வழக்கறிஞரை நம்பலாமா?

நம்பலாம், அனுமதி உள்ள நாடுகளில் அது வழக்கமான ஏற்பாடுதான். ஆனால் கட்டணம் வேறு, செலவு வேறு. இந்த வழக்குக்கு நச்சியல் நிபுணர், காற்றிலிருந்த அளவைக் கணக்கிடும் தொழில்நலவியல் நிபுணர், நரம்பியல் மருத்துவர் என்று குறைந்தது மூவர் வேண்டும். அவர்களுக்கு ஆகும் தொகை பெரியது. தோற்றால் அதை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘அளவை நிரூபிக்க யாரை நியமிப்பீர்கள்?’ என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்.