பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் போகணும், நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சார், நாங்க திருவல்லிக்கேணி, ஐஸ் ஹவுஸ் பக்கம் வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்காரர் புதுப்பேட்டைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வேலை, கைக்கு 38,000 வருது. நான் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங்ல இருக்கேன், 24,000. பொண்ணு யுகேஜி, வர்ற ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ். பையனுக்கு ரெண்டு வயசு. கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல வருஷம் 1,10,000 ஃபீஸ், அதுக்கு மேல டொனேஷன் 75,000 கேக்கறாங்க. தெருமுனைல எய்டட் ஸ்கூல் இருக்கு, இங்கிலீஷ் மீடியத்துக்கு 18,000. அடுத்த தெருவுல கார்ப்பரேஷன் ஸ்கூல், ஃபீஸே கிடையாது. வீட்டுக்காரர் என் நகையை வச்சு ஒன்றரை லட்சம் வாங்கி சிபிஎஸ்இ-லயே சேர்த்துடலாம்ங்கறார். பக்கத்து ஸ்கூல்ல உருது பேசற பசங்க, தெலுங்கு பசங்க, கட்டட வேலைக்கு வந்த ஹிந்திக்காரங்க பசங்கன்னு கலந்து இருக்காங்க, அங்க என்ன படிப்பு வரும்னு மாமியாரும் சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்: முதல்ல நகையை பீரோல வச்சு பூட்டுங்கம்மா, மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்க அனுப்பின கணக்கை கூட்டிப் பார்த்தேன். வாடகை 17,000, மளிகை பால் கேஸ் கரண்ட் எல்லாம் சேர்த்து 15,000, பைக் இஎம்ஐ 4,200, சீட்டு 5,000, ஊருக்கு அனுப்பறது 5,000, பெட்ரோல் போன் மருந்து 6,000, ஆக மொத்தம் 52,200. 62,000-ல மிச்சம் 9,800. இப்ப அந்த சிபிஎஸ்இ ஸ்கூலுக்கு வாங்க, எல்லாரும் ஃபீஸை மட்டும்தான் சொல்வாங்க, வேன் மாசம் 2,800-ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, 11 மாசத்துக்கு 30,800, புக்கு யூனிஃபார்ம் ஷூ எல்லாம் 15,000, அப்ப வருஷத்துக்கு 1,55,800, மாசத்துக்கு பிரிச்சா 13,000. இங்கயே 3,200 துண்டு விழுது. அது போதாதுன்னு ஒன்றரை லட்சம் நகைக்கடன், 12 சதவீதம்னு வச்சாலும் வட்டி மட்டும் மாசம் 1,500, அசல் அப்படியே நிக்கும். துண்டு 4,700 ஆயிடுது. பொண்ணு அ, ஆ எழுதி முடிக்கறதுக்குள்ள நீங்க கிரெடிட் கார்டுக்கு வந்திருப்பீங்க.

ஃபீஸ் 1,10,000-லயே நிக்கும்னும் நினைக்காதீங்க. வருஷம் 10 சதவீதம் ஏறினா அஞ்சாங்கிளாஸ்ல 1,61,000. அஞ்சு வருஷத்துக்கு ஃபீஸ் மட்டுமே 6,70,000 தாண்டுது, அதுவும் ஒரு பிள்ளைக்கு. பையன் ரெண்டு வருஷத்துல எல்கேஜிக்கு நிப்பான், அக்காவுக்கு அந்த ஸ்கூல் எனக்கு மட்டும் இதுவான்னு அவன் கேக்க மாட்டான், ஆனா உங்க மாமியார் கேப்பாங்க.

டொனேஷன் விஷயத்துல நான் கொஞ்சம் கோவமாதான் எழுதுவேன், மன்னிச்சுக்கோங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009-லயே கேபிடேஷன் ஃபீஸ், அதாவது இந்த டொனேஷன், வாங்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, வாங்கினா வாங்கின தொகை மாதிரி பத்து மடங்கு வரைக்கும் அபராதம். தமிழ்நாட்டுல 1992-லயே இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. ஆனாலும் வாங்கறாங்க, நாம குடுக்கறோம், நானும் குடுத்தேன். என் பெரிய பொண்ணுக்கு ஒரு ஸ்கூல்ல 40,000 கவர்ல போட்டு ஆபீஸ் ரூம்ல குடுத்தேன், ரசீது கேட்டதுக்கு அந்தம்மா சிரிச்சாங்க, அவ்ளோதான். மூணாவது வருஷம் வேற ஏரியாவுக்கு வீடு மாறினோம், கவர் போன இடத்துக்கே போச்சு. ஊருக்கு ஊரு காசைப் பத்தி புத்தி சொல்ற நான் பண்ணின வேலை அது. தனியார் ஸ்கூல்களுக்கு கட்டணம் நிர்ணயம் பண்ண அரசு கமிட்டி ஒண்ணு இருக்கு, நிர்ணயம் பண்ணின ஃபீஸ் எவ்ளோன்னு ஸ்கூல்ல கேளுங்க, அந்த கேள்விக்கு எப்படி முகம் மாறுதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும்.

ஆர்டிஇ, அதாவது அதே கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல் இலவசமா ஒதுக்கற 25 சதவீத சீட் பத்தி கேட்டிருந்தீங்க. அது ஸ்கூலோட ஆரம்ப வகுப்புக்குத்தான், பெரும்பாலான தனியார் ஸ்கூல்ல அது எல்கேஜி, அதனால பொண்ணுக்கு லேட். பையனுக்கு எல்கேஜி சமயத்துல பாருங்க, ஆனா அதையே நம்பி இருக்காதீங்க, 2025-ல வழக்கமா கோடைல திறக்கற விண்ணப்பம் அக்டோபர் வரைக்கும் இழுத்தது. ஃபீஸ் கட்டினா 80சி-ன்னு ஒரு வருமான வரிக் கழிவுல வரி மிச்சம்னு உங்க வீட்டுக்காரர் ஃப்ரெண்டு சொன்னாராமே, உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கும் புது வரி முறைல வரியே வராது, இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிக்கறது?

இப்ப பக்கத்து ஸ்கூல் ரெண்டுக்கும் வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு.

அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எங்க படிச்சாலும் காலேஜ் சமயத்துல வர்ற இந்த அரசு சலுகைங்க போகாது. மெடிக்கல் சீட்ல அரசுப் பள்ளி பசங்களுக்கு 2020-ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-ல எஞ்சினியரிங்குக்கும் வந்தது, ரெண்டுமே ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும்னுதான் பார்க்குது. காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தோட மாசம் 1,000 ரூபாயும் அதே மாதிரி ஆறாம் வகுப்புல இருந்துதான். கார்ப்பரேஷன் ஸ்கூல் இதுல அரசுப் பள்ளி கணக்குல வரும், எய்டட் ஸ்கூல் 7.5-ல வராது. அதனால இப்ப நீங்க எடுக்கற முடிவு அஞ்சு வருஷ முடிவு, ஆயுசு முடிவு இல்ல, ஆறாங்கிளாஸ்ல திரும்ப உக்காந்து யோசிக்கலாம். பிள்ளை அப்ப எப்படி படிக்கறான்னும் தெரிஞ்சிருக்கும், உங்க கைல காசும் இருக்கும்.

எய்டட்ல ஒரு சூட்சுமம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. போர்டுல அரசு உதவி பெறும் பள்ளின்னு போட்டிருந்தாலும் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் மட்டும் செல்ஃப் ஃபைனான்ஸா, அதாவது அரசு பணம் இல்லாம ஃபீஸ்லயே நடக்கறதா இருக்கலாம், உங்ககிட்ட 18,000 கேக்கறாங்கன்னா அப்படித்தான் இருக்கணும். காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட்ல நகரத்து எய்டட் ஸ்கூலுக்கும் வந்துடுச்சு, ஆனா உங்க பொண்ணு சேரப்போற செக்‌ஷனுக்கு சாப்பாடு, இலவச புக்கு எல்லாம் உண்டான்னு வாயைத் திறந்து கேளுங்க. ஏழு மணிக்கு ட்யூட்டிக்கு ஓடற அம்மாவுக்கு காலை டிபன் ஸ்கூல்லயே கிடைக்கறது சின்ன விஷயமா?

கார்ப்பரேஷன் ஸ்கூல்ல நான் பார்க்கச் சொல்றது வாத்தியார் எண்ணிக்கை. சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 90 வரைக்கும் மூணு. 60 பேர் ஸ்கூல்னா அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே பேர், ஒண்ணாங்கிளாஸும் ரெண்டாங்கிளாஸும் ஒரே ரூம்ல உக்காரும். அப்படி இருந்தா எய்டட்டுக்கே போங்க. கிளாஸுக்கு ஒரு டீச்சர் இருந்து இங்கிலீஷ் மீடியமும் இருந்தா, எனக்கு கார்ப்பரேஷன்லயும் ஆட்சேபணையே இல்ல.

அட்மிஷன் அன்னிக்கு போகாதீங்க, அன்னிக்கு எல்லா ஸ்கூலும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பர்மிஷன் கேட்டுட்டு போங்க. ரெண்டாங்கிளாஸ் பிள்ளை நோட்டு ஒண்ணு வாங்கிப் பாருங்க, சிவப்பு மைல தப்புன்னு சுழிச்சதுக்கு கீழ பிள்ளை திருப்பி எழுதியிருக்கா, அதை டீச்சர் மறுபடி பார்த்து டிக் போட்டிருக்காங்களான்னு. பொண்ணுங்க டாய்லெட் கதவுல தாழ்ப்பாள் இருக்கான்னு நீங்களே போய் போட்டுப் பாருங்க. இந்த ரெண்டும் சரின்னா மீதி பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

மொழி கலந்த பசங்க பத்தி மாமியார் சொன்னதுக்கு நான் ஒண்ணு பார்த்ததைச் சொல்றேன். உங்க ஏரியாலயே ஒரு கிளையண்ட் வீட்டுக்குப் போயிட்டு வரும்போது ஸ்கூல் விடற நேரம், கேட்ல ஒரு பாட்டி உருதுல என்னமோ கேக்கறாங்க, டீச்சருக்குப் புரியல, பக்கத்துல நின்ன சின்னப் பொண்ணு, ரெட்டை ஜடை, "மிஸ், நாளைக்கு லீவான்னு கேக்கறாங்க மிஸ்"னுட்டு, டீச்சர் சொன்ன பதிலை அப்படியே உருதுல பாட்டிகிட்ட ஒப்பிச்சுது. அந்தப் பொண்ணு வீட்ல பேசறது தெலுங்காம், டீச்சர்தான் சொன்னாங்க. கீழ்ப்பாக்கம் ஸ்கூல்ல ஹிந்திக்கு தனி பீரியட், இங்க அது இன்டர்வெல்ல ஓசில வருது. தமிழே தெரியாத பிள்ளைங்க ஒரே கிளாஸ்ல பாதிப் பேர் இருந்தா டீச்சருக்கு கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன், அவங்களுக்கு எப்படி சொல்லித் தர்றீங்கன்னு கேளுங்க, பதில் சொல்ற டீச்சரா இல்ல "அதெல்லாம் பார்த்துக்கலாம்"ங்கற டீச்சரான்னு பாருங்க.

காசுக்கு வழி இதுதான். எய்டட்னா மாசம் 1,500 போக 8,300 மிச்சம். அதுல 4,000 பொண்ணு பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு, பத்து வயசுக்குள்ள ஆரம்பிக்கணும். இப்ப வட்டி 8.2 சதவீதம், அது அப்படியே இருந்தா 13 வருஷத்துல, பொண்ணுக்கு 18 ஆகும்போது, பத்து லட்சம் தாண்டும். வட்டியை மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசு மாத்தலாம், படிப்புக்கு அப்ப பாதிதான் எடுக்க முடியும், அதனால எல்லாத்தையும் அதுலயே கொட்டாதீங்க. 1,500 ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்ல (ஷேர் மார்க்கெட் குறியீட்டை அப்படியே பின்பற்றற மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் போடறது, 2,000 அவசரத்துக்குன்னு ஆர்டி, அதாவது மாசத் தொடர் வைப்பு. மீதி 800-ல மாசம் ரெண்டு கதை புக்கு வாங்கிக் குடுங்க, ராத்திரி பத்து நிமிஷம் நீங்களோ அவரோ பக்கத்துல உக்காந்து படிக்க வைங்க.

சீட்டு வர்ற ஏப்ரல்ல முடியுது, ரெண்டு லட்சம் கைக்கு வரும்னு எழுதியிருந்தீங்க. சீட்டு விழற மாசமும் டொனேஷன் கேக்கற மாசமும் ஒண்ணா வர்றதுதான் எனக்கு பயம். பணம் வந்த அன்னிக்கே பைக் கடனை முடிச்சிட்டு மீதியை ஒரு வருஷ எஃப்டில போட்டுட்டு, ரசீதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டார்னா என் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்.