4க்கு 6 அடிக் கோழிக்கூண்டு: உள்ளே எதை எங்கே வைப்பது?

கூண்டு தயார், ஆறு பெட்டைகள் வரப்போகின்றன, உள்ளே எதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தம் 24 சதுர அடி, கோழிக்கு 4 சதுர அடி. பகலில் வெளியே மேயவிட்டால் இது தாராளம். நாள் முழுக்க அடைத்தே வைப்பதாக இருந்தால் இரண்டு கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கிவிடும்.

முட்டைப் பெட்டியை எங்கே வைப்பது என்றுதான் முதலில் யோசித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குனியாமல் முட்டை எடுக்கலாமே என்று பெட்டியை என் இடுப்பு உயரத்தில் வைத்தேன். அடைவதற்கான கழியை இரண்டடியில் அடித்தேன். என் இடுப்பைப் பற்றிக் கோழிகளுக்கு என்ன கவலை? அவற்றுக்கு இருட்டினால் இருப்பதிலேயே உயரமான இடம் வேண்டும். நான்கு கோழிகள் பெட்டிக்குள் போய் அடைந்தன. ராத்திரி முழுக்க எச்சம், காலையில் அதன் மேலேயே முட்டை. தினமும் முட்டை கழுவுவதே வேலையாகிவிட்டது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கையான படலமும் போய், முட்டை சீக்கிரம் கெடும்.

அதனால் கழியின் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டரை அடி போதும். பெட்டியின் அடித்தளம் ஒரு அடியைத் தாண்ட வேண்டாம். கனமான இனம் என்றால் கழியையும் இறக்குங்கள், உயரத்திலிருந்து தினமும் குதித்தால் பாதத்தின் அடியில் புண் வரும். ஒரு கோழிக்கு 25 செ.மீ. என்றால் ஆறுக்கும் ஐந்தடி. உங்கள் ஆறடிச் சுவரை ஒட்டி ஒரே கழியில் வேலை முடிந்தது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள், வாலுக்கும் இடம் வேண்டும். படிக்கட்டு மாதிரி இரண்டு கழி வைக்காதீர்கள். மேல் கழிக்குத் தினமும் சண்டை நடக்கும், தோற்றவள் தலையில் எச்சம் விழும். குழாய் வழுக்கும், மரம்தான் நல்லது: 4, 5 செ.மீ. அகலம், விளிம்பை மட்டும் இழைத்து உருட்டிவிடுங்கள்.

கழியை ஆணி அடித்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு முனையும் பள்ளத்தில் உட்கார்ந்து, தூக்கினால் கையோடு வர வேண்டும். ரத்தம் குடிக்கும் செள் பகலில் கோழி மேல் இருக்காது, அந்த முனை இடுக்கில்தான் பதுங்கியிருக்கும். மாதம் ஒருமுறை கழியைத் தூக்கி, முனையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கீற்று விழுந்தால் செள் இருக்கிறது.

கழிக்கு ஒரு சாண் கீழே, அதே நீளத்துக்கு ஒரு பலகை போடுங்கள். கூண்டுக்குள் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். ஒரு நாள் எச்சத்தில் பாதி ராத்திரியில்தான் விழும், அத்தனையும் அந்தப் பலகையில் நிற்கும். காலையில் பழைய கரணையால் இரண்டு இழுப்பு இழுத்து வாளியில் தள்ளினால் ஆயிற்று. கீழே போட்ட மரச்சீவலோ உமியோ நாலு விரற்கடை கனத்தில் பல நாள் உலர்ந்தே கிடக்கும். பலகைக்கு அடியிலும் கோழிகள் நடக்கும் என்பதால் தரையும் வீணில்லை.

முட்டைப் பெட்டி இரண்டு போதும், ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி. கதவுக்கு எதிர்ப்பக்கம், இருட்டான மூலையில் வையுங்கள். முன்னால் நாலு அங்குலத் தடுப்பு, இல்லையென்றால் மெத்தையும் முட்டையும் வெளியே உருளும். மேற்கூரையைச் சரிவாக அமையுங்கள், தட்டையாக இருந்தால் அதன் மேல் ஏறி அடைவார்கள். இவ்வளவு செய்தாலும் ஆறு பேரும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்பார்கள், பக்கத்துப் பெட்டி காலியாகக் கிடக்கும். அதில் ஒரு மர முட்டை போட்டுப் பாருங்கள், சில சமயம் ஏமாறுவார்கள்.

தீனியைத் தொங்கவிடுங்கள், விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். தரையில் வைத்தால் காலால் கிளறியே பாதியை வீணாக்கும். தண்ணீரை நான் வெளியேதான் வைக்கிறேன். இருட்டில் கோழி குடிக்காது, கூண்டுக்குள் ஈரம்தான் மிச்சம். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறப்பீர்கள் என்றால் மட்டும், பலகையை விட்டுத் தள்ளி உள்ளே ஒரு பாத்திரம் வையுங்கள்.

அப்புறம் காற்று. திறப்புகள் கழியில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். அப்போதுதான் தூங்கும் கோழி மேல் நேராகக் காற்றடிக்காது, எச்சத்தின் ஆவியும் மேலே வெளியேறும். விடியற்காலையில் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மூச்சிழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் திறப்பு போதவில்லை. திறப்புக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டிங் வலை போடுங்கள். அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். கீரி அதைப் பிய்த்துவிடும், பாம்பு நுழைந்துவிடும்.

முதல் வாரம் இருட்டியதும் போய், கதவைச் சாத்துமுன் கழியில் தலைகளை எண்ணுங்கள். ஐந்துதான் இருந்தால் ஆறாவது பெட்டிக்குள் இருக்கும். சத்தம் போடாமல் இரண்டு கையாலும் தூக்கிக் கழியில் வைத்துவிடுங்கள். இருட்டில் இறங்கி வராது. எனக்கு எட்டு நாள் ஆனது.