வீசிங், தும்மல், புரோஸ்டேட்: மருந்தாளுநர் பதில்கள்

மஞ்சக்குப்பம்: சார், எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். வீசிங் இருந்தால் புரோஸ்டேட் புற்றுநோய் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. வீசிங், அதாவது ஆஸ்துமா, இருந்தால் அதில் புற்றுநோய் வராது என்று யாரும் சொல்லவில்லை. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பாதியாக வெட்டிப் பரப்பியிருக்கிறார்கள். 1986-ல் 40 முதல் 75 வயது வரை இருந்த பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், கால்நடை மருத்துவர்கள் என ஏறத்தாழ 48,000 ஆண்களை 2012 வரை கவனித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடம், உடம்பில் பரவிய அல்லது உயிரைப் பறித்த புரோஸ்டேட் புற்றுநோய் சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது. மகரந்தத் தும்மல் உள்ளவர்களிடம் கொஞ்சம் கூடுதல், ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான். 2010-ல் மெல்போர்னில் எல்லா வகை புரோஸ்டேட் புற்றுநோயையும் கணக்கெடுத்தபோது, ஆஸ்துமாக்காரர்களுக்குத்தான் சற்று அதிகம் என்று வந்தது. இதை நம்பி நிம்மதியடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

முத்தியால்பேட்டை: ஆஸ்துமாவுக்கும் அந்தச் சுரப்பிக்கும் என்ன சம்பந்தம்?

ஆஸ்துமாவில் காணும் அதே வகை நோயெதிர்ப்பு அணுக்கள் புரோஸ்டேட் கட்டிகளிலும் தென்படுகின்றன. அதனால் ஆபத்து கூடும் என்று எதிர்பார்த்துத்தான் அமெரிக்கர்கள் தேடினார்கள். கிடைத்தது நேர்மாறு!

வில்லியனூர்: அப்பாவுக்கு 68 வயது. தும்மலுக்குக் கோல்ட் மாத்திரை போட்டார். ராத்திரி முழுக்க யூரின் வரவில்லை, டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். புற்றுநோயாக இருக்குமா அண்ணா?

மாத்திரையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கோல்ட் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்தே இருக்கும். முன்னது மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவையும் குறைக்கும். பின்னது பையின் வாயை இறுக்கும். வயதானால் புரோஸ்டேட் வீங்கி ஏற்கெனவே வழி குறுகியிருக்கும். மூன்றும் சேர்ந்தால் அடைப்புதான். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல.

பெயரைப் பார்த்து வாங்கலாம் என்றால், மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது வெள்ளித்தாளில் இருக்கும் பொடி எழுத்து பாதி போய்விடும். முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். தும்மலுக்கு ஃபெக்ஸோஃபெனடின், லோரடடின் அல்லது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே இந்த வகையில் தொல்லை குறைவு. எது சரி என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அடைப்பு எடுத்த கையோடு பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஆறு வாரமாவது விட்டுப் பாருங்கள்.

அரியாங்குப்பம்: அப்படியென்றால் இன்ஹேலரையும் நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் உள்ளதாக இருந்து யூரின் சிரமமும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

நெல்லிக்குப்பம்: இஞ்சிக் கஷாயம் குடித்தால் புரோஸ்டேட் சுருங்குமா?

சுருங்காது. தொண்டைக்கு இதம், குடியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: பி.எஸ்.ஏ. 5 வந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கே போய்விடட்டுமா?

போகலாம், ஆனால் அலறிக்கொண்டு வேண்டாம். 4-க்கு மேல் போனாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வீக்கத்தாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஏறும். புரோஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு எண் பாதியாக இறங்கிக் காட்டும், அவர்களுக்கு 5 என்பது 10 மாதிரி. சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.