கொடைக்கு முதலை ஷோ: கொடுத்த அட்வான்ஸ் திரும்புமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கோயில் சித்திரைக் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டோடு ‘முதலை ஷோ’வும் பேசி, ஊரில் பிரித்த வரிப் பணத்தில் ரூ.20,000 அட்வான்ஸ் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாயைக் கட்டிய முதலையைக் கையில் வாங்கி, 50 ரூபாய்க்குப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அது வெளிநாட்டு அலிகேட்டர், நம் சட்டம் பொருந்தாது என்கிறார் ஷோக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பயந்தது நல்லதாகப் போயிற்று அண்ணாச்சி. முதலில் ஷோவை நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயைச் சுற்றி மூன்று சுற்றுக் கறுப்பு டேப். அதற்கு முன்னால் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே துருத்தி நிற்கிறது. அலிகேட்டர் வாயை மூடினால் அந்தப் பல் மேல்தாடைக் குழிக்குள் மறைந்துவிடும். ஆகவே இது பெரும்பாலும் நம் நாட்டுச் சதுப்பு முதலைதான். வனத்துறை பார்த்து உறுதிசெய்யட்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. பிடித்த குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் ரூ.25,000க்குக் குறையாது. உடந்தையாக இருந்தவரையும் 52ஆம் பிரிவு விடாது. விழாக் கமிட்டிக்காகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

சரி, அலிகேட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 2022 திருத்தத்துக்குப் பின் அதை வைத்திருக்கவும் பதிவு வேண்டும். காசு வாங்கிக் காட்ட, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி தனிப் பதிவு. கொடைக்குப் போலீஸ் தந்த அனுமதி இதற்கெல்லாம் செல்லாது.

முதலைக்கு வாயைத் திறக்கும் தசை பலவீனமானது. அதனால்தான் வெறும் டேப் தாங்குகிறது. சூட்டைத் தணிக்க வாயைப் பிளந்து கிடக்கும் பிராணி அது. சித்திரை வெயிலில் அந்த வாயைக் கட்டிப்போட்டுப் பிள்ளைகள் மடியில் கிடத்துவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

இனி பணம். சட்டவிரோதமான காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி செல்லாது. செல்லாது என்று பின்னால் தெரியவந்தால், வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்கிறது 65ஆம் பிரிவு. ஆனால் தெரிந்தே செய்தவருக்குக் கோர்ட் கைகொடுக்காது. அதனால் தாமதம் கூடாது. அவர் பேச்சை நம்பித்தான் பேசி முடித்தேன், உண்மை தெரிந்ததும் ரத்து செய்கிறேன் என்று எழுதி, சேர்ந்ததற்கான சான்றோடு, பதிவு வசதியுள்ள ஸ்பீடு போஸ்ட்டில் இன்றே அனுப்புங்கள். ‘நம் சட்டம் பொருந்தாது’ என்று அவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு அதுதான் பலம். தரமறுத்தால் சிவில் வழக்குப் போடலாம்.

அப்புறம், வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதலையை ஆற்றில் விட்டுவிடும்படி மட்டும் ஷோக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். தாமிரபரணிப் படித்துறைகளில் விடிந்தால் ஜனம் குளிக்கிறது.