அப்பாவின் மேடையில் நான் என்ன பேச?

கேள்வி: அப்பா 1970களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகிப் பேராசிரியராக ஓய்வு பெற்றார். மாணவர்கள் பாராட்டு விழா எடுக்கிறார்கள். மகளாக நான் பேச வேண்டுமாம். என் பிறந்தநாள்களில் அவர் வார்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவருடைய மாணவர்கள்தான். அழைப்பிதழில் அம்மா பெயர்கூட இல்லை. பொய்யாகப் புகழ மனசு வரவில்லை. என்ன செய்வது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: பொய் வேண்டாம், தங்கச்சி. 'தியாகச் செம்மல்' என்று முழங்க அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். பொன்னாடைக்கும் சமோசாவுக்கும் நடுவே அது யார் காதிலும் விழாது.

உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் பேச்சை எழுத உட்காருமுன், அவர் படித்த நாட்களைப் பற்றி அவரிடமே கேளுங்கள். அந்தக் கல்லூரி நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1951இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்றே திறந்தது. பயிற்சி பக்கத்துக் கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரியில். வெள்ளை நோயாளியைத் தொட்டுப் பார்க்க அந்த மாணவர்களுக்கு அனுமதி இல்லை. டாக்டரான பிறகும், அதே வேலைக்கு வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம். ஆப்பிரிக்க மாணவர்களின் விடுதி வென்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்குப் பக்கத்தில். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பைக்கோ மருத்துவம் படிக்கும்போது தங்கியதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் படித்தவர், பின்னாளில் ஊரைவிட்டு வந்து தனியாகத் தவிக்கும் பையனைக் கண்டால் சாப்பிடக் கூட்டி வராமல் இருப்பாரா? இதைச் சொல்வதால் உங்கள் பிறந்தநாள்கள் திரும்பி வராது, தெரியும்.

அந்த மேசையில் சாப்பிட்ட ஒருவருக்கு போன் செய்யுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் பாராட்டுரைதான் வரும். "முதன்முதலாக ஒரு நோயாளி கண்முன் இறந்தபோது அவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். குடும்பத்தாரிடம் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது என்பது பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். அந்த ஒரு கதையை மேடையில் சொன்னால் போதும், மூன்று நிமிடத்துக்குத் தாங்கும்.

"அந்த மேசையில் எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது அப்பா" என்பதை மேடைக்கு வைத்திருக்காதீர்கள். விழாவுக்கு முன்பே, வீட்டில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வார்டு கிடையாது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அத்தனை பேருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டது அம்மாதானே? பேச்சை அவர் பெயரில் ஆரம்பியுங்கள். அழைப்பிதழ் அடித்தவர்கள் கேட்கட்டும்.