டோக்கியோல வேலை கிடைச்சிருக்கு, சிட்டிக்கு வெளிய பிரைவேட் ரயில் லைன்ல வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனா வீட்டை பார்க்கறதுக்கு முன்னாடி அந்த ஸ்டேஷன்ல எந்தெந்த ட்ரெயின் நிக்கும்னு பாருங்க. எனக்கு இதை யாரும் சொல்லல, அதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன்.

நீங்க கேட்ட விதத்தை பார்த்தா ஐடி தான், வீட்ல ஒரு குட்டியும் இருக்கும், தெரிஞ்சவங்க எல்லாரும் "பேசாம நிஷி-கசாய் வந்துடு, இட்லி அரிசி கிடைக்கும், தமிழ் பேச ஆள் இருக்கும்"னு சொல்லிருப்பாங்க. தப்பில்ல, அங்க இருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க. அங்க ஓடற டோசாய் மெட்ரோ லைன் நெரிசல்ல காலைல ஏறி பார்த்துட்டு எனக்கு தான் மனசு வரல.

2018 கடைசில நான் எடுத்தது ஒடாக்யூங்கற பிரைவேட் லைன்ல முக்கோகாவோக்கா-யூஎன் ஸ்டேஷன் பக்கம். தாமா ஆறு தாண்டினா வரும், அதனால அட்ரஸ் டோக்கியோ கிடையாது, கவாசாகி. சிட்டில இருக்கற ஷின்ஜுக்கு ஸ்டேஷன்ல இருந்து 15.8 கிலோமீட்டர். பேர் வாய்ல நுழையறதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

வீடு கிடைச்ச கதைய சொல்லியே ஆகணும். ஆறு வீடு பிடிச்சிருந்தது, அதுல நாலு ஓனர் வெளிநாட்டு ஆள்னு கேட்டதுமே வேண்டாம்னுட்டாங்க, புரோக்கர் பையன் என் எதிர்லயே போன் போட்டு "ஜப்பானீஸ் பேசுவார், கம்பெனி வேலைல இருக்கார்"னு கெஞ்சறான், நான் பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலைய குனிஞ்சு உட்கார்ந்திருக்கேன். ஒத்துக்கிட்ட ஓனருக்கு ரெய்கின்னு ஒரு மாச வாடகை, அதாவது வீடு குடுத்ததுக்கு நன்றி பணம், திரும்ப வராது. நம்மூர் அட்வான்ஸாவது சுண்ணாம்பு அடிச்ச காசு போக மிச்சம் கைக்கு வரும். சரி விடுங்க, இதை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

யூஎன்னா என்னன்னு போன்ல போட்டு பார்த்தேன், கேளிக்கை பூங்கான்னு வந்துது. உடனே ஊருக்கு வீடியோ கால் போட்டு, பாப்பா நம்ம ஸ்டேஷன் பேரே தீம் பார்க்குடா, ராட்டினத்துக்கு நடந்தே போகலாம்னு அளந்து விட்டேன். எங்கம்மா திருநெல்வேலில தெரு பூரா சொல்லிட்டாங்க. 2019 ஏப்ரல்ல மனைவியும் பொண்ணும் வந்தாங்க, பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு. முதல் ஞாயித்துக்கிழமையே ஷூ போட்டுட்டு வாசல்ல நிக்குது. கீழ் வீட்டு பாட்டிகிட்ட பார்க்குக்கு எப்படி போகணும்னு கேட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, அது மூடி பதினேழு வருஷம் ஆச்சேன்னாங்க.

2002 மார்ச் 31ல மூடிட்டாங்களாம். பேர் மட்டும் அப்படியே இருக்கு. என் பொண்ணு அழுத அழுகை இருக்கே!

கோவத்துல அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். ஒடாக்யூ லைன் ஓட ஆரம்பிச்சது 1927, பார்க்கும் அதே வருஷம் தான். இங்க பிரைவேட் ரயில் கம்பெனிங்க டிக்கெட் காசை மட்டும் நம்பி பொழைக்கறது இல்ல. ஒசாக்கா பக்கம் ஹான்க்யூங்கற ரயில் கம்பெனிய ஆரம்பிச்ச கோபயாஷி இச்சிஸோ 1910லயே தண்டவாளம் போட்டு, பக்கத்து நிலத்தை மனை பிரிச்சு தவணைல வித்து, லைன் கடைசில தகராசுகாங்கற ஊரை பொழுதுபோக்கு இடமா வளர்த்து விட்டு, சிட்டி முனைல டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டினார். மத்த கம்பெனிங்களும் அதே ரூட்டை பிடிச்சாங்க. வார நாள்ல ஆபீஸ் கூட்டம் சிட்டிக்கு, ஞாயித்துக்கிழமை குடும்பம் குடும்பமா எதிர் பக்கம், வண்டி காலியா ஓடக்கூடாது இல்லையா. எங்க ஸ்டேஷனுக்கு முதல்ல வெச்ச பேர் இனாடா-நொபோரிட்டோ, பார்க்குக்காக 1955ல மாத்தினாங்க. 1966ல இருந்து ஸ்டேஷனுக்கும் பார்க் வாசலுக்கும் நடுவுல ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மோனோரயில் வேற ஓடிருக்கு. 2000ல செக் பண்றப்ப அடிப்பக்கம் விரிசல் தெரிஞ்சு நிறுத்தினது, திரும்ப ஓடவே இல்ல.

சமாதானம் பண்ண டோரேமான் மியூசியம் கூட்டிட்டு போனேன், பழைய பார்க் பக்கத்துலயே தான் இருக்கு, 2011ல திறந்தது. வாசல்ல டிக்கெட் கிடையாது, லாசன் கடைல முன்கூட்டியே தேதியும் நேரமும் போட்டு வாங்கணுமாம். அது அவங்க தப்பில்ல, நான் படிக்காம போனது. மறுபடி அழுகை. மே மாசம் ரோஜா தோட்டத்தை திறந்தாங்க, அந்த பார்க்ல இருந்து மிச்சம் இருக்கறது அது தான், இப்ப முனிசிபாலிட்டி பார்த்துக்குது, வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் மட்டும் திறப்பாங்க, காசு கிடையாது. அங்க தான் எங்க குட்டி மேடம் முதல் தடவையா சிரிச்சாங்க.

இப்ப ட்ரெயின் விஷயம். கைசோக்கு க்யூகோன்னு ஒண்ணு, இருக்கறதுலயே வேகமான சாதா டிக்கெட் வண்டி. அது எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் நொபோரிட்டோல நிக்கும், எங்க ஸ்டேஷன்ல நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல வெறும் 600 மீட்டர்! நொபோரிட்டோல ஜேஆர்ங்கற இன்னொரு ரயில் கம்பெனியோட நாம்பு லைனுக்கு மாறலாம், அங்க நிக்கறது நியாயம் தான், ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி ஷின்ஜுக்குல முதல்ல வர வண்டி அதுவா தான் இருக்கும், ஏறுவோம், சீட் கிடைக்கும், கண்ணு சொக்கும். அடுத்த ஸ்டாப் ஷின்-யுரிகாவோக்கா, அதுக்கடுத்தது மாச்சிதா. ஒரு டிசம்பர் ராத்திரி நான் முழிச்சது மாச்சிதால, திரும்பி வர வண்டி முடிஞ்சு போச்சு, விடிய விடிய திறந்திருக்கற ஹோட்டல்ல சூப் குடிச்சுட்டு காலைல முதல் வண்டி பிடிச்சேன். வீட்ல ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல. அதுல இருந்து நொபோரிட்டோ வரைக்கும் நின்னுட்டே வந்து, மிச்சத்தை நடந்துடறது.

நெரிசல் பத்தியும் சொல்லிடறேன். எங்க லைன்ல நாலு தண்டவாளம் போடற திட்டம் 1964ல முடிவு பண்ணது, முழுசா முடிஞ்சது 2018 மார்ச்ல. அதுக்கு முன்னாடி ஷின்ஜுக்கு போற வழில ஷிமோகிதாசாவா கிட்ட வண்டி கொள்ளளவுல 190 சதவீதத்துக்கு மேல நெரிசல், ரோட்ல லெவல் கிராசிங் கேட் மூடினா திறக்கவே திறக்காதுன்னு கூட வேலை பார்க்கற சீனியர் சொல்வார், "நீ குடுத்து வெச்சவன்"னு. இப்ப அங்க பூமிக்கு அடியில ஓடுது. இருந்தாலும் காலைல எட்டு மணிக்கு பேக்கை முன்னாடி மாட்டிட்டு தான் ஏறணும். அப்புறம் யூடியூப்ல சொல்ற மாதிரி லேட்டே ஆகாதுன்னு நம்பிடாதீங்க. ஆகும், தாமத சான்றிதழ் குடுப்பாங்க, அதை நீட்டினா ஆபீஸ்ல கேள்வி கேட்க மாட்டாங்க. என்னோட பழைய மேனேஜர் ஒருத்தர் அதையும் வாங்கிட்டு "சீக்கிரம் கிளம்பிருக்கலாமே"ன்னார். அவர் ஜப்பான்காரர் இல்ல, நம்மாளு தான்.

குழந்தை இருந்தா ஒரு லாபம், 2022 மார்ச்ல இருந்து ஒடாக்யூல ஐசி கார்டு (கேட்ல தொட்டுட்டு போற ரயில் கார்டு) வெச்சா குழந்தைகளுக்கு எங்க போனாலும் 50 யென் தான். ஷின்ஜுக்குல இருந்து 82 கிலோமீட்டர் தள்ளி ஓடவாரா வரைக்கும் போனாலும் அதே 50. விளம்பரம் பண்றேன்னு நினைக்காதீங்க, என் பொண்ணு இப்ப பாஸ்மோ கார்டை கழுத்துல மாட்டிட்டு தனியா கிளாஸுக்கு போகுது, அதான் சொல்றேன். எங்க ஸ்டேஷனோட வடக்கு வாசல் கட்டடத்தை மட்டும் ஒரு தடவை நின்னு பாருங்க, 1927ல கட்டினது, மடிச்சு விட்ட கூரையோட வெள்ளைக்காரன் வீடு மாதிரி இருக்கும்.

எங்கம்மா போன வாரமும் கேட்டாங்க, "ஏய்யா, பிள்ளைய அந்த பார்க்குக்கு கூட்டிட்டு போறியா இல்லையா?"ன்னு. போறேம்மான்னு சொல்லிட்டேன்.