பி.டி. உஷா: கேட்டதும் சொன்னதும்

பி.டி. உஷாவின் ஓட்ட வாழ்க்கையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கே: லாஸ் ஏஞ்சலஸில் பதக்கம் எப்படிக் கைநழுவியது?

ப: 1984 ஆகஸ்ட் 8. பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த ஆண்டுதான். மொராக்கோவின் நவால் 54.61, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42. நொடியில் நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர், நாலு விரல் அகலம். முடிவுக் கோட்டில் உடல்தான் கணக்கு. தலை, கை, கால் எது முந்தினாலும் செல்லாது. பத்தாவது தடையைத் தாண்டிய பின் இன்னும் 40 மீட்டர் இருக்கிறது, கால்கள் கெஞ்சுகிற இடம் அது, அங்கே சரியான அடியில் மார்பை முன்னே தள்ளுவது பல பெரிய போட்டிகளில் ஓடி ஓடித்தான் வரும். உஷாவுக்கோ இந்த ஓட்டமே புதிது. கடைசியில் மார்பைத் தள்ளத் தவறியதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அங்கே கஞ்சியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டதில் கடைசி மீட்டர்களில் தெம்பு போதவில்லை என்றும் சொன்னார். ஓ.எம். நம்பியார் மாதிரி ஒரு பயிற்சியாளர் இருந்தும், தட்டில் என்ன விழ வேண்டும் என்று பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கே: சோவியத், கிழக்கு ஜெர்மனி எல்லாம் புறக்கணித்த ஒலிம்பிக் அது. அவர்கள் வந்திருந்தால் உஷா இறுதிக்கே வந்திருக்க மாட்டார், சரிதானே அண்ணே?

ப: பாதி சரி. அந்த ஜூன் மாதம்தான் சோவியத்தின் பொனமர்யோவா 53.58 ஓடி உலக சாதனை வைத்தார்; தங்கம் வென்ற நவாலே அதைவிட ஒரு நொடிக்கு மேல் பின்தங்கியவர். அவர்கள் வந்திருந்தால் பதக்கம் எட்டாக்கனியாகியிருக்கலாம். ஆனால் இறுதிக்கே வந்திருக்க மாட்டார் என்பது அவசரப் பேச்சு. அரையிறுதியில் 55.54 ஓடி ஜூடி பிரவுனை முந்தி வந்தவர் அவர்.

கே: அப்படியென்றால் துரதிர்ஷ்டம் என்று அழுவதை நிறுத்தலாமே?

ப: தாராளமாக நிறுத்தலாம், நானும் அதைத்தான் சொல்கிறேன். அழுகையில் ஓட்டம் மறைந்துபோகிறது. அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 தடை, 4x400 தொடர் என்று ஐந்து தங்கம், கூடவே 4x100-ல் வெண்கலம். 100 மீட்டருக்கான வெடிப்பும் 400 தடைக்கான தாக்குப்பிடிப்பும் ஒரே உடம்பில் அமைவது அபூர்வம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கம். 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்தினார். இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

கே: நூறில் ஒரு பங்கில்தான் தோற்றாராமே?

ப: மேலே படியுங்கள்.

கே: மில்கா சிங்கும் அப்படித்தானே?

ப: இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில், கையால் நிறுத்தும் கடிகாரக் கணக்கில், மூன்றாவதாக வந்தவர் 45.5, மில்கா 45.6, அதாவது பத்தில் ஒரு பங்கு. வாட்ஸ்அப்பில் வருவதைச் சரிபார்க்காமல் பரப்பாதீர்கள்.

கே: கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் உஷாவின் சாதனையை உடைத்தாராமே?

ப: உடைக்கவில்லை, சமன் செய்தார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் முதல் சுற்றில் அதே 55.42, முப்பத்தொன்பது வருடம் கழித்து. இறுதியில் 55.68, வெண்கலம்.

கே: என் மகளுக்குப் பதினொரு வயது. மொட்டைமாடியில் பெஞ்சு போட்டுத் தாண்டுகிறாள், சரியா சார்?

ப: வேண்டவே வேண்டாம். காலில் பட்டால் சாய்கிறதுதான் தடை. பெஞ்சு சாயாது, பிள்ளைதான் சாயும். பள்ளி மைதானத்திலும் பாருங்கள்: தடையின் அடிக்கால்கள் ஓடி வருபவர் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். திருப்பி வைத்தால் இடித்தாலும் விழாது, முழங்கால் போய்விடும். எத்தனை முறை சொன்னாலும் திருப்பித்தான் வைக்கிறார்கள்.

கே: ஒலிம்பிக் சங்கத் தலைவராக அவர் எப்படி?

ப: என் களம் ஓடுதளம். அதை அரசியல் எழுதுபவர்களிடம் கேளுங்கள்.

கே: 1984-ல் எத்தனை வித்தியாசத்தில்...

ப: போதும். மூன்றாவது முறை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு வந்து முதல் சுற்றிலேயே வெளியேறியதையும், கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி வந்து 1998 ஃபுக்குவோக்கா ஆசியப் போட்டியில் 34 வயதில் 200-லும் 400-லும் வெண்கலம் வாங்கியதையும் யாராவது கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.